வேதியியல் நோபலின் முதல் இருபது ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ மாணவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். 'யார், எந்த ஆண்டு, எதற்காக' என்று மூன்று கட்டம் போட்ட பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். சந்தேகமெல்லாம் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் வருகிறது, ஏனென்றால் அங்கே ஒரே வரியில் எழுதியிருப்பது ஒரு மனிதரின் பத்து இருபது வருட உழைப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் அதே கேள்விகள் வருவதால் அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 1901 முதல் 1922 வரையுள்ள காலம்தான் முக்கியமாக. எல்லாப் பெயரும் இருக்காது, கேள்வி வந்தவை மட்டும்.

வேதியியலுக்கு முதல் நோபல் யாருக்குக் கொடுத்தாங்க, எதுக்கு?

நெதர்லாந்துக்காரரான யாகோபஸ் வான்ட் ஹாஃப், 1901. வேதிவினைகளின் வேகம், சமநிலை பற்றிய விதிகளுக்காகவும், கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தம் (சவ்வின் வழியே நீர் கரைசலுக்குள் புகுவதால் எழும் அழுத்தம்) பற்றிய விதிகளுக்காகவும் கொடுத்தார்கள்.

இரண்டாவது விஷயம் அழகானது. சர்க்கரையை நீரில் கரைத்தால் அந்தச் சர்க்கரை மூலக்கூறுகள், அதே எண்ணிக்கை மூலக்கூறுகள் கொண்ட ஒரு வாயுவை அதே வெப்பநிலையில் அதே கன அளவில் அடைத்தால் எவ்வளவு அழுத்தம் கொடுக்குமோ கிட்டத்தட்ட அதே அளவு சவ்வூடு பரவல் அழுத்தத்தைத் தருகின்றன. வாயுக்களுக்கு நாம் எழுதும் சமன்பாட்டையே நீர்த்த கரைசலுக்கும் எழுதலாம் என்று அவர் காட்டினார். ஆனால் உப்புக் கரைசலில் கணக்கு இடித்தது, அழுத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது. அதைச் சரிக்கட்ட ஒரு காரணியைச் சேர்த்தார், பாடத்தில் வான்ட் ஹாஃப் காரணி என்று வருகிறதே அதுதான். அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை அர்ஹீனியஸ் கேள்வியில் வரும்.

கார்பன் நான்முகி வடிவத்துக்குத்தான் வான்ட் ஹாஃபுக்கு நோபல்னு ஒரு கைடுல இருக்கே?

இல்லை. கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று அவர் எழுதியது 1874இல், அப்போது அவருக்கு 22 வயது. அதே ஆண்டில் பிரான்சின் லெ பெல்லும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். அந்தக் கருத்தை ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் கோல்பே கடுமையாகக் கேலி செய்து எழுதினார். இன்று கரிம வேதியியலே அதன் மேல்தான் நிற்கிறது, ஆனாலும் பரிசு கொடுத்தது அதற்கில்லை.

இந்தப் பக்கத்தில் இந்த வித்தியாசம் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் இன்று எதனால் நினைவில் நிற்கிறார் என்பது ஒன்று, பரிசுக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவது.

பரிசு யாருக்குன்னு யார் முடிவு பண்றாங்க?

ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பரில் எழுதிய உயிலிலேயே இது இருக்கிறது: இயற்பியலும் வேதியியலும் ஸ்வீடனின் அறிவியல் அகாதமியின் பொறுப்பு. அகாதமி ஒரு சிறிய வேதியியல் குழுவை வைத்திருக்கும். பல நாட்டு அறிவியலாளர்களிடமிருந்து பரிந்துரைகள் வரும், குழு அவற்றை அலசி ஒரு பெயரைச் சொல்லும், கடைசியில் அகாதமியின் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். குழு சொன்ன பெயரை அகாதமி ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மெண்டலீவ் கேள்விக்கு வேண்டும்.

பரிந்துரைகள், விவாதங்கள் எல்லாம் 50 ஆண்டுகளுக்கு ரகசியம். இந்தக் காலகட்டத்து ஆவணங்கள் எப்போதோ திறந்துவிட்டன, அதனால்தான் உள்ளே நடந்த சண்டைகளும் இன்று நமக்குத் தெரிகின்றன.

எமில் ஃபிஷர்னா 'ஃபிஷர் வாய்ப்பாடு' எழுதுவோமே, அவரா? காபிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

அவரேதான், 1902. குளுக்கோஸ், மேனோஸ் போன்ற சர்க்கரைகளில் அணுக்கள் ஒரே மாதிரி கோக்கப்பட்டிருந்தாலும் வலது இடது அமைப்பு மாறினால் வேறு சர்க்கரையாகிவிடும். எது எது என்று பிரித்தறிவது அன்று பெரிய தலைவலி, ஏனென்றால் பல சர்க்கரைகள் படிகமாகாமல் பாகாகவே நிற்கும். ஃபிஷர் தானே முன்பு கண்டுபிடித்த ஃபீனைல்ஹைட்ரசின் என்ற பொருளைச் சேர்த்து அவற்றைப் படிகங்களாக எடுத்தார், அப்புறம் தர்க்கத்தாலேயே ஒவ்வொன்றின் அமைப்பையும் நிறுவினார். எக்ஸ் கதிரில் பார்க்கும் வசதி எதுவும் இல்லாத காலம் அது. அந்த ஃபீனைல்ஹைட்ரசின் நச்சுப்பொருள், அவர் உடல்நலத்தையே அது கெடுத்தது.

காபி விஷயம்: பரிசின் இன்னொரு பாதி பியூரின்கள் என்ற சேர்மக் குடும்பத்துக்கு. காஃபீனும், மூட்டு வலியோடு நாம் சேர்த்துப் பேசும் யூரிக் அமிலமும் ஒரே குடும்பம் என்று காட்டி, அவற்றை ஆய்வகத்தில் தயாரித்தவர் அவர்.

அர்ஹீனியஸ் பிஎச்டியில கிட்டத்தட்ட ஃபெயில் ஆனாராமே, அதே வேலைக்கு நோபலா?

ஃபெயில் இல்லை, ஆனால் மிகக் கீழான தரம்தான் கிடைத்தது. 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மின்பகுளிகள் (கரைந்தால் மின்சாரம் கடத்தும் பொருள்கள்) பற்றி ஆய்வேடு கொடுத்தார். பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் அதை வெளிநாட்டு அறிவியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார், ரீகாவிலிருந்து ஆஸ்ட்வால்ட் நேரில் கிளம்பி வந்து அவரைப் பார்த்து வேலை தருகிறேன் என்றார். அதற்கப்புறம்தான் உள்ளூரில் மரியாதை.

அவர் சொன்னது என்ன? மின்சாரம் செலுத்தினால்தான் அயனிகள் உண்டாகும் என்பது அன்றைய நம்பிக்கை. இல்லை, உப்பு நீரில் கரைந்தவுடனேயே நேர் அயனியும் எதிர் அயனியுமாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் அவற்றை இழுத்துப்போக மட்டுமே செய்கிறது என்றார் அவர். வான்ட் ஹாஃபின் காரணிக்கு விடை கிடைத்துவிட்டது பாருங்கள்: ஒரு சோடியம் குளோரைடு இரண்டு துகளாகிறது, அதனால்தான் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பு. நச்சு வாயுவான குளோரினும் தண்ணீரில் பற்றிக்கொள்ளும் சோடியமும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் தனித்தனியாக இருக்கின்றன என்று சொன்னால் அன்று யார் நம்புவார்கள்? அணுவும் அயனியும் வேறு வேறு என்பது இன்று நமக்குச் சுலபம், எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படாத 1884இல் அது சுலபமில்லை. 1903இல் பரிசு வந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896இல் கணக்குப் போட்டவரும் இவரே.

எதோடயும் வினைபுரியாத வாயுவை எப்படிச் சார் கண்டுபிடிக்க முடியும்?

எடை போட்டு. ராலே பிரபு, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் நிறுத்துப் பார்த்தார். காற்று நைட்ரஜன் சுமார் அரை சதவீதம் கனமாக இருந்தது. இன்னொருவராக இருந்தால் பரிசோதனைப் பிழை என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. வில்லியம் ராம்சே அந்தக் காற்று நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி நைட்ரஜனையெல்லாம் பிடித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தார். மிச்சம் ஆர்கான், 1894. நாம் சுவாசிக்கும் காற்றில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் அது.

1898இல் மாரிஸ் டிராவர்ஸோடு சேர்ந்து, திரவமாக்கிய காற்றையும் ஆர்கானையும் பகுதி பகுதியாக ஆவியாக்கி கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் சில வாரங்களுக்குள் பிடித்தார். தனிம வரிசை அட்டவணையில் ஒரு முழுப் பத்தியே புதிதாக வந்தது. 1904இல் ராம்சேக்கு வேதியியல், ராலேவுக்கு இயற்பியல். ஒரு தகவல் நம் பக்கத்திலிருந்து: டாடா நிறுவ விரும்பிய அறிவியல் நிறுவனத்துக்கு இடம் பார்க்க 1900இல் இந்தியா வந்து பெங்களூருதான் சரி என்று சொன்னவர் ராம்சே. அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநரானவர் டிராவர்ஸ்.

ஹீலியத்தை ஆந்திராவில குண்டூர்லதானே கண்டுபிடிச்சாங்க, அப்புறம் ராம்சே பேரு ஏன்?

பாதி சரி. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணம், பார்ப்பதற்குப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் பார்த்தார். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோடு அந்தக் கிரகணத்தில் தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர், கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைப் பார்த்து, இது சோடியத்தின் கோடு இல்லை, பூமியில் தெரியாத தனிமம் என்ற முடிவுக்கு வந்தார்.

அப்புறம் 27 ஆண்டுகள் அது சூரியனில் மட்டும் இருந்த தனிமம். 1895இல் ராம்சே, கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தில் அமிலத்தை ஊற்றி வந்த வாயுவின் நிறமாலையில் அதே மஞ்சள் கோட்டைப் பார்த்தார். வானத்தில் பார்த்தது ஒரு கூட்டம், கையில் பிடித்தவர் ராம்சே. பரிசு பிடித்தவருக்கு.

ஆஸ்பிரின் கம்பெனி பேயர்தான் 1905 நோபல் பேயரா?

இல்லை, இரண்டு பேர். கம்பெனியைத் தொடங்கியவர் ஃபிரீட்ரிக் பேயர், வியாபாரி. பரிசு வாங்கியவர் அடால்ஃப் ஃபான் பேயர், மியூனிக் பேராசிரியர், எமில் ஃபிஷரின் ஆசிரியர். மாணவருக்கு 1902இல், ஆசிரியருக்கு 1905இல்.

நீலச் சாயத்தை ஆய்வகத்துல செஞ்சதுக்கு நோபல் கொடுக்கற அளவுக்கு அதுல என்ன இருக்கு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவுரிச் செடியிலிருந்து வரும் அந்த நீலத்துக்கு, இண்டிகோவுக்கு, உலகம் முழுக்க கிராக்கி. தென்னாற்காடு, கடப்பை, புதுச்சேரிப் பக்கமெல்லாம் அவுரி விளைந்தது, வடக்கே பீகாரில் ஆங்கிலத் தோட்ட முதலாளிகள் விவசாயிகளைக் கட்டாயப்படுத்திப் பயிரிட வைத்தார்கள். பேயர் இந்த மூலக்கூறோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி 1880இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார், 1883இல் அதன் அமைப்பைச் சொன்னார். ஒரு சிக்கலான இயற்கைப் பொருளை உடைத்து, படித்து, மறுபடி கட்டலாம் என்பதற்கு அது பெரிய சாட்சி. பரிசு அந்தச் சாயத்துக்கு மட்டுமில்லை, சாயங்கள் பற்றிய மொத்த வேலைக்கும்.

ஆனால் அவருடைய வழி கடைக்கு ஒத்துவராத அளவு செலவானது. வேறு வழியைப் பிடித்து பாஸ்ஃப் நிறுவனம் 1897இல் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவுரி விலை சரிந்தது. பீகாரின் தோட்ட முதலாளிகள் நஷ்டத்தைத் தாங்களே ஏற்காமல், அவுரிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லி விவசாயிகளிடம் கூடுதல் குத்தகையும் மொத்தப் பணமும் கறந்தார்கள். 1917இல் காந்தி சம்பாரனுக்குப் போனதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. வேதியியல் வகுப்பில் சம்பாரனைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

தனிம அட்டவணையே போட்ட மெண்டலீவுக்கு ஏன் நோபல் இல்லை?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், எனக்கும் இதில் ஆற்றாமை உண்டு. 1906இல் வேதியியல் குழுவின் பெரும்பான்மை மெண்டலீவ் பக்கம்தான் நின்றது. அகாதமி அதை ஏற்காமல் பிரான்சின் ஆன்ரி மொய்சானுக்குக் கொடுத்தது. சொல்லப்பட்ட காரணம்: அட்டவணை வந்தது 1869இல், எல்லோருக்கும் தெரிந்த பழைய விஷயம், நோபலின் உயிலோ சமீபத்திய கண்டுபிடிப்புக்கு என்கிறது. ஆதரித்தவர்களின் பதில் வலுவானது: ராம்சேயின் வாயுக்கள் அட்டவணையில் அப்படியே பொருந்தியதால்தான் அதன் முழு மதிப்பு இப்போது தெரிந்திருக்கிறது, ஆகவே இது சமீபத்தியதுதான்.

அர்ஹீனியஸ் குழுவில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் அகாதமியில் அவர் சொல்லுக்குக் கனம் இருந்தது, அவர் மெண்டலீவுக்கு எதிராக நின்றார். அவருடைய அயனிக் கொள்கையை மெண்டலீவ் விமர்சித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அடுத்த வருடம் வரவில்லை: மெண்டலீவ் 1907 பிப்ரவரி 2 அன்று இறந்தார். பரிசு வாங்கிய மொய்சானும் அதே மாதம் 20ஆம் தேதி இறந்துபோனார்.

அப்போ மொய்சான் தகுதியில்லாதவரா? புளோரினைப் பிரிச்சது அவ்வளவு பெரிய விஷயமா?

தகுதியில்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். புளோரினைப் பிடிக்கப் போனவர்களில் பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லே இருவரும் உயிரையே விட்டார்கள், இன்னும் பலருக்கு உடல் கெட்டது. சிக்கல் இதுதான்: ஹைட்ரஜன் புளோரைடை நீரில் கரைத்து மின்னாற்பகுத்தால் புளோரின் வராது, ஆக்சிஜன் வரும். நீரே இல்லாமல் எடுத்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது. மீறி வந்தாலும் பாத்திரத்தைத் தின்றுவிடும்.

மொய்சான் நீரற்ற ஹைட்ரஜன் புளோரைடில் பொட்டாசியம் உப்பைக் கரைத்துக் கடத்த வைத்தார், பிளாட்டினக் குழாயில் வைத்து நன்றாகக் குளிரூட்டினார், புளோரின் எதையும் செய்ய முடியாத புளோர்ஸ்பார் கல்லிலேயே மூடி செய்தார். 1886 ஜூன் 26 அன்று வாயு வந்தது. பரிசோதிக்க வந்த குழுவின் முன் முதலில் செய்துகாட்டியபோது வரவில்லை, காரணம் ஹைட்ரஜன் புளோரைடை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிட்டார், கடத்த உப்பு இல்லை! மறுபடி உப்பைச் சேர்த்ததும் வந்தது. பரிசில் அவருடைய மின் உலைக்கும் பங்குண்டு. நம் ஊரில் மாம்பழத்தைப் பழுக்க வைக்கிறார்கள் என்று திட்டுகிறோமே கார்பைடு கல், கால்சியம் கார்பைடு, அதை அந்த உலையில் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர்.

ஈஸ்ட் செத்துட்டா மாவு பொங்காதுன்னு சொல்றோம், அப்போ புக்னர் செஞ்சது என்ன?

ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, செல்களை உடைத்து, அழுத்திச் சாறு பிழிந்தார் எடுவர்ட் புக்னர். சாறு கெடாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்தார். சர்க்கரை நொதித்துக் குமிழி வந்தது. உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. நொதித்தலுக்கு உயிர் வேண்டும் என்று பாஸ்டர் பக்கமும் வேண்டாம் என்று லீபிக் பக்கமும் பல பத்தாண்டுகள் நடந்த வழக்குக்கு 1897இல் கிடைத்த தீர்ப்பு அது. செல்லுக்குள்ளிருக்கும் நொதிகள்தான் வேலை செய்கின்றன, ஈஸ்ட் அவற்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. உயிர்வேதியியல் என்ற துறைக்கு அங்கேதான் கதவு திறந்தது. 1907இல் பரிசு. முதல் உலகப்போரில் ருமேனிய முனையில் காயம்பட்டு 1917இல் இறந்தார்.

ரூதர்ஃபோர்டு இயற்பியல்காரர், அணுக்கரு கண்டுபிடிச்சவர், அவருக்கு ஏன் வேதியியல் நோபல்?

இதில் இரண்டு தவறு சேர்ந்து வருகிறது. அணுக்கரு 1911, பரிசு 1908. தங்கத் தகடு சோதனைக்கு அவர் நோபல் வாங்கவே இல்லை. பரிசு, தனிமங்கள் சிதைவது பற்றியும் கதிரியக்கப் பொருள்களின் வேதியியல் பற்றியும் செய்த ஆய்வுகளுக்கு. கனடாவின் மாண்ட்ரியலில் ஃபிரெடரிக் சாடி என்ற இளம் வேதியியலாளரோடு சேர்ந்து, தோரியம் தானாகவே வேறு தனிமமாக மாறுகிறது என்று காட்டினார். தனிமம் மாறாது என்பது வேதியியலின் அடிப்படை நம்பிக்கை, அதையே உடைத்ததால் வேதியியலில் கொடுத்தார்கள். தான் பார்த்த மாற்றங்களிலேயே வேகமானது இயற்பியலாளனான நான் வேதியியலாளனாக மாறியதுதான் என்று விருந்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

சாடியின் பெயர் அதில் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. அவருக்குப் பின்னால் கிடைத்தது, கடைசியில் வருகிறேன்.

மேரி கியூரிக்கு ஒரே ரேடியத்துக்கு ரெண்டு தடவை கொடுத்துட்டாங்களா?

1903இல் இயற்பியல், பெக்கரல், பியேர் கியூரி இருவரோடும் பகிர்ந்து, கதிர்வீச்சு என்ற நிகழ்வைப் பற்றிய ஆய்வுக்கு. அந்தக் குறிப்பில் ரேடியம், பொலோனியம் கண்டுபிடிப்பைச் சேர்க்கவில்லை. முதலில் அவர் பெயரே அந்தப் பரிந்துரையில் இல்லை, மித்தாக்-லெஃப்லர் என்ற ஸ்வீடன் கணிதவியலாளர் விஷயத்தைச் சொல்ல, மேரி இல்லாமல் சரியாகாது என்று பியேர் எழுதினார்.

1911இல் வேதியியல், தனியாக. இரண்டு தனிமங்களின் கண்டுபிடிப்புக்கும், ரேடியத்தைப் பிரித்தெடுத்து அதன் தன்மையை ஆராய்ந்ததற்கும். டன் கணக்கில் பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியக் கனிமத்தின் கழிவைக் காய்ச்சி, வடித்து, படிகமாக்கி 1902இல் அவர் கையில் வந்தது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. அதன் அணு நிறையை அளந்தார், 1910இல் தெபியெர்னோடு சேர்ந்து உலோகமாகவே எடுத்தார். கதிர்வீச்சைப் பார்ப்பது வேறு, அதைத் தரும் பொருளை எடைபோடும் அளவுக்குப் பிரித்துக்காட்டுவது வேறு. அந்த வேலைக்கு வேதியியல் பரிசு கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

பரிசு வாங்க வராதீங்கன்னு அவங்களுக்கு லெட்டர் போட்டாங்களாமே?

ஆமாம், நடந்தது. 1911 நவம்பரில், இயற்பியலாளர் லாஞ்சவானோடு அவருக்கிருந்த உறவைப் பாரிஸ் பத்திரிகைகள் அசிங்கமாக எழுதின. பியேர் 1906இலேயே சாலை விபத்தில் இறந்திருந்தார், லாஞ்சவான் திருமணமானவர். ஸ்டாக்ஹோமுக்கு இப்போது வர வேண்டாம் என்று எழுதியவர் அர்ஹீனியஸ். பரிசு ரேடியம், பொலோனியம் கண்டுபிடிப்புக்காகக் கொடுக்கப்பட்டது, என் அறிவியல் வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்று மேரி பதில் எழுதினார். போனார், வாங்கினார், எந்த வேலை தன்னுடையது என்பதைத் தெளிவாகச் சொல்லி உரையும் ஆற்றினார். ஆண்களில் யாருக்கும் இப்படிக் கடிதம் போனதாக நான் படித்ததில்லை.

டால்டாவுக்கும் நோபலுக்கும் தொடர்பு இருக்குன்னு சொன்னீங்களே, எப்படி?

பால் சபாட்டியே, 1912, பிரான்சின் துலூஸ். நுண்ணிய நிக்கல் தூளின் மேல் கரிமச் சேர்மத்தையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அனுப்பினால் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜன் ஏறிவிடும். சபாட்டியே ஆவிகளில் செய்தார். அதைத் திரவ எண்ணெயில் செய்யலாம் என்று காட்டியவர் ஜெர்மனியின் நார்மன், அங்கிருந்து வந்ததுதான் வனஸ்பதி. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது என்பதும் அது இதயத்துக்குக் கெடுதல் என்பதும் பின்னால் தெரிந்த சங்கதி. அதே ஆண்டு பரிசைப் பகிர்ந்தவர் கிரிக்னார்டு, மெக்னீசிய வினைபொருள்காரர். சபாட்டியேவுக்குத் துணையாகப் பல ஆண்டுகள் உழைத்த பாதிரியார் சாந்தரென்ஸுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

அணைவுச் சேர்மம் பாடத்துல வர்ற வெர்னர், ஒரு கருவியும் இல்லாம அமைப்பை எப்படிச் சொன்னார்?

எண்ணிப் பார்த்து. கோபால்ட் குளோரைடோடு ஆறு அம்மோனியா சேர்ந்த உப்பில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் மூன்று குளோரினும் வீழ்படிவாகும். ஐந்து அம்மோனியா உள்ளதில் இரண்டுதான், நான்கு உள்ளதில் ஒன்றுதான். மீதிக் குளோரின் எங்கே போனது? உலோகத்தோடு நேரடியாக ஒட்டியிருக்கிறது, பிரியாது. ஆக இந்த உப்புகளில் உலோகத்தைச் சுற்றி எப்போதும் ஆறு ஈனிகள் (உலோகத்தோடு நேரடியாக ஒட்டும் மூலக்கூறு அல்லது அயனி), எண்முகி வடிவில். 1893இல் இதைச் சொன்னபோது அவருக்கு 26 வயது. டென்மார்க்கின் யோர்கென்சன் நேர்மையாக எதிர்த்தார், அவருடைய சோதனை முடிவுகளே வெர்னருக்கு உதவின. எண்முகியாக இருந்தால் சில சேர்மங்களுக்கு வலது, இடது வடிவங்கள் இருந்தாக வேண்டும், அவற்றை 1911இல் வெர்னரின் ஆய்வகம் பிரித்துக்காட்டியது. 1913இல் பரிசு.

விஷவாயு போட்ட ஹேபருக்கு எப்படி நோபல் கொடுக்க மனசு வந்துச்சு?

முதலில் பரிசு எதற்கு என்று பார்ப்போம். காற்றிலிருக்கும் நைட்ரஜன் எளிதில் எதோடும் சேராது. ஹேபர் 1909இல் கார்ல்ஸ்ரூவில் மிக உயர்ந்த அழுத்தம், சுமார் 500 டிகிரிக்கு மேல் வெப்பம், ஆஸ்மியம் வினையூக்கி வைத்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வர வைத்தார். பாஸ்ஃபின் மித்தாஷ் ஆயிரக்கணக்கான சோதனை செய்து மலிவான இரும்பு வினையூக்கியைப் பிடித்தார், கார்ல் பாஷ் அந்த அழுத்தத்தைத் தாங்கும் உலையைக் கட்டினார். ஹைட்ரஜன் எஃகிலுள்ள கார்பனை உறிஞ்சி உலையை வெடிக்க வைத்ததால் உள்ளே மெல்லிரும்பு உறை போட்டது பாஷின் யோசனை. 1913இல் ஓப்பாவில் ஆலை ஓடியது. மணலியிலும் தூத்துக்குடியிலும் உர ஆலைகள் அம்மோனியா தயாரித்தது இதே வழியில்தான். இன்று உலகில் ஏறக்குறைய பாதிப்பேரின் சோறு இந்த வினையை நம்பியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

அதே அம்மோனியா போரில் ஜெர்மனிக்கு வெடிமருந்தானது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதை முன்னின்று நடத்தியவர் ஹேபரே. சில நாட்களில், மே 2 அன்று, முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளரான அவர் மனைவி கிளாரா தன்னை மாய்த்துக்கொண்டார். 1918க்கான பரிசை 1919இல் அறிவித்ததும் எதிரணி நாட்டு அறிவியலாளர்கள் கொதித்தார்கள். அகாதமி அம்மோனியாவை மட்டும் பார்த்தது, பரிசுரையில் வாயு பற்றி ஒரு சொல் இல்லை. என் கருத்து: கண்டுபிடிப்பு பரிசுக்குரியது, ஆனால் அந்த மௌனம் தவறு. யூதப் பிறப்பால் 1933இல் நாட்டை விட்டுப் போக நேர்ந்த ஹேபர் அடுத்த ஆண்டு பாசலில் இறந்தார்.

1916, 1917, 1919ல ஏன் யாருமில்லை? சில பேருக்கு வருஷமே குழப்பமா இருக்கே?

விதிப்படி, அந்த ஆண்டு தகுதியான பெயர் இல்லை என்று அகாதமி நினைத்தால் பரிசை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம், அப்போதும் இல்லையென்றால் கொடுக்காமல் விடலாம். அதனால் 'எந்த ஆண்டின் பரிசு' என்பதும் 'எந்த ஆண்டு அறிவித்தார்கள்' என்பதும் வேறு. ரிச்சர்ட்ஸின் 1914 பரிசு 1915இல், ஹேபரின் 1918 பரிசு 1919இல், ஜெர்மன் வேதியியலாளர் நெர்ன்ஸ்டின் 1920 பரிசு 1921இல், சாடியின் 1921 பரிசு 1922இல். தேர்வில் முதல் எண்ணை எழுதுங்கள். நெர்ன்ஸ்டுக்கு இவ்வளவு தாமதமானதில் அர்ஹீனியஸின் பகையும் உண்டு, ஒரு காலத்தில் இருவரும் நண்பர்கள்.

ஐசோடோப்பு சாடியா, ஆஸ்டனா, ரிச்சர்ட்ஸா? மூணு பேருக்கும் அதுக்குத்தான்னு போட்டிருக்கு.

மூவரும் ஒரே கதையின் மூன்று கட்டம். வேதியியலில் பிரிக்கவே முடியாத, ஆனால் வெவ்வேறு அணு நிறையும் கதிரியக்கமும் உள்ள அணுக்கள் அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காரலாம், அவைதான் ஐசோடோப்புகள் என்று 1913இல் சொன்னவர் சாடி. அப்படியானால் யுரேனியத்திலிருந்து உண்டான ஈயம் சாதாரண ஈயத்தைவிட லேசாக இருக்க வேண்டும். அதை அளக்க உலகிலேயே நம்பத்தக்க கை ஹார்வர்டின் ரிச்சர்ட்ஸுடையது. அளந்தார், சாதாரண ஈயம் சுமார் 207.2, யுரேனியக் கனிமத்து ஈயம் 206ஐ நெருங்கியது. ஆனால் அவருடைய 1914 பரிசு இதற்கில்லை, பல தனிமங்களின் அணு நிறையைத் துல்லியமாக அளந்ததற்கு.

கதிரியக்கம் இல்லாத தனிமங்களுக்கும் இது உண்டா? 1919இல் ஆஸ்டன் தன் நிறை நிறமாலை வரைவியில் நியானை அனுப்பி, 20 நிறையுள்ளதும் 22 நிறையுள்ளதும் தனித்தனியாக விழுவதைக் காட்டினார். சாடிக்கு 1921, ஆஸ்டனுக்கு 1922. மாண்ட்ரியலில் விட்டுப்போன பெயர் இங்கேதான் வந்து சேர்ந்தது.

தகுதி இருந்தும் மெண்டலீவ் மாதிரி விட்டுப்போனவங்க வேற யாரு?

எனக்கு முதலில் வருவது கில்பர்ட் லூயிஸ். 1916இல் இரண்டு அணுக்கள் ஒரு இணை எலக்ட்ரானைப் பகிர்வதே பிணைப்பு என்று எழுதியவர், நாம் தினமும் போடும் புள்ளி வரைபடம் அவருடையது. பலர் பல பத்து முறை பரிந்துரைத்தும் 1946இல் இறக்கும்வரை கிடைக்கவில்லை. நெர்ன்ஸ்டோடு அவருக்கிருந்த மோதலும், குழுவில் நெர்ன்ஸ்டுக்கு வேண்டியவர் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று ஆவணங்களைப் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்தியர் யாரும் இந்தக் காலப் பட்டியலில் இல்லை. வேதியியலில் நம்மவர் பெயரைக் கேட்பவர்களுக்கு: சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2009, ரைபோசோமின் அமைப்புக்காக, தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் பகிர்ந்து.